சாவிக்காகத் தைத்தவர்கள்

அந்த ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் நான்கு பேர்: தோன் எவாரிஸ்தோ செலாயா, அவர் மனைவி எர்மெலிந்தா, மகன் வில்மர், மருமகள் நோல்வியா. பொரித்த வாழைக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில், சட்டை ஆலையில் வில்மரின் தையல் வரிசைக்குக் கிடைத்த கேடயம் நின்றது. அந்த ஆண்டு அதிகம் தைத்தது அவன் மேற்பார்வையிட்ட வரிசைதான். நோல்வியா அதே வரிசையில் காலர் தைப்பவள்.

குரல் உயர்த்தாமலே வேலை வாங்குகிறான் என் மகன் என்று எவாரிஸ்தோ முடிதிருத்தும் கடையில் பலமுறை சொல்லியிருந்தார். இப்போது குடும்பப் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்தினார். மருமகள் மட்டும் கோப்பையைத் தொடவில்லை.

"என் மேசையில யாரும் வெறும் வாயோட உக்காந்ததில்ல," என்றார்.

"நான் கரைச்ச புளிப் பானகத்துல விஷமா இருக்கு?" என்றாள் எர்மெலிந்தா.

"பழக்கமாயிடுச்சு மாமா. தண்ணி உள்ள இறங்க மாட்டேங்குது."

வில்மர் பேச்சை மாற்றப் பார்த்தான். கிழவர் விடவில்லை. கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. வரிசைப் பெண்களுக்கான கழிப்பறைச் சாவி வில்மரின் இடுப்பில் தொங்கும். அன்றைக்குத் தைக்க வேண்டியது முடியும்வரை யார் கைக்கும் வராது. அதனால் வரிசைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். நோல்வியாவின் சிறுநீரகத்தில் சீழ் பிடித்திருப்பதாக வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்லியிருந்தார்.

"எல்லா வரிசையிலயும் இப்படித்தாம்ப்பா. சாவியக் குடுத்தா பாதிப் பேரு கண்ணாடி முன்னாடிதான் நிப்பாங்க. நான் ஒருத்தியையாவது திட்டினதுண்டான்னு இவளையே கேளுங்க."

"திட்டினதில்ல," என்றாள் நோல்வியா. "எனக்கு மட்டும் ரகசியமா சாவி தர்றேன்னுகூடச் சொன்னாரு. மத்தவங்க மூஞ்சியில முழிச்சிட்டு நான் எப்படி எழுந்து போறது? நாங்க வேகமாத் தைக்கிறது இந்தக் கேடயத்துக்காக இல்ல மாமா. சீக்கிரம் முடிச்சா சாவி கிடைக்கும். அதுக்குத்தான்."

எவாரிஸ்தோவின் கோப்பை பாதி உயரத்தில் நின்றது. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை. பெண்களின் அடிவயிற்றைப் பிடித்து வேலை வாங்கியிருக்கிறான், தன் பெயரைச் சுமக்கிறவன். அதைத்தான் அவர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறார்.

திங்கட்கிழமை விடியலில் மருமகளை வீட்டில் படுக்கச் சொல்லிவிட்டு, கோட்டு அணிந்து ஆலை வாசலுக்குப் போனார். உள்ளே நுழையும் பெண்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றியபடி நின்றார். வில்மர் அவரைப் பார்க்காமல் கடந்துபோனான்.

மகனின் பதவி உயர்வுக்குச் சிபாரிசு கேட்கத்தான் கிழவர் வாசலில் நின்றார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது பொய். அவர் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார்.