மூட்டைக்குக் கட்டிய காப்பு

"இந்த மாத்திரை எங்கருந்து வருது, சொல்லு பாப்போம்?"

அப்பா என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்கு ஆறு வயது இருக்கும். காய்ச்சலில் கிடந்தேன். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, முழுங்கத் தண்ணீர் தராமல் கேட்டார்.

"கடையிலருந்து."

"கடைக்கு?"

உதட்டைப் பிதுக்கினேன்.

"நம்ம காட்டுலருந்துளா. நம்ம இலை கப்பலேறிப் போயி, அங்கன மருந்தாயி, திரும்பி வருது. ம், முழுங்கு."

அது காய்ச்சல் மாத்திரை. எங்கள் காட்டில் விளைவது நிலாவாரை, வயிற்றை இளக்குகிற இலை. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இன்னும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஊர் உலகத்து மருந்தெல்லாம் ஓட்டப்பிடாரத்துக்கு வடக்கே இருக்கும் எங்கள் கரிசல் காட்டிலிருந்துதான் கிளம்புகிறது என்று அவருக்கு ஒரு எண்ணம். அதனாலேயே என்னை மருந்துப் படிப்பு படிக்கவைக்க ஆசைப்பட்டார். டீக்கடையில்கூடச் சொல்லிவைத்திருந்தார். "எங்க வீட்டுல ஒராளு இலை பறிக்கும், ஒராளு அதை மருந்தாக்கும்" என்று.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் பேச வராது. வீட்டில் பேசுவேன், ஆட்டுக்குட்டியிடம் பேசுவேன். வகுப்பில் எழுந்து நின்றால் தொண்டையைச் சாக்குத் தைக்கிற மாதிரி யாரோ தைத்துவிடுவார்கள். பிளஸ் ஒன்னில் கெமிஸ்ட்ரி சார் ஒரு கேள்வி கேட்டார். பதில் தெரியும். நின்றுகொண்டே இருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், சாரும் சிரித்தார். அந்த வாரத்தோடு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா செத்துப்போன வீடு எங்களுடையது. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் பேசாவிட்டால் சோறு கொதிக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இசக்கித்தாய் அத்தை, அப்பாவின் அக்கா, என்னைத் தூத்துக்குடிக்குக் கூட்டிவந்தாள்.

அத்தை வேலை பார்க்கும் கம்பெனியிலேயே எனக்கும் வேலை. ஹார்பருக்குப் போகிற ரோட்டில் சரக்கு அடைக்கிற ஒரு பெரிய கிட்டங்கி. நாலா பக்கத்துக் கரிசல் காடுகளிலிருந்தும் நிலாவாரை இலை மூட்டை மூட்டையாக வரும். இங்கே அதற்குச் சென்னா என்று பேர். நாங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சல்லடையில் போட்டுச் சலித்து, காம்பு, கல், கருத்த இலை எல்லாம் பொறுக்கிப் போடுவோம். நல்ல பச்சை இலை ஒரு பக்கம், மஞ்சள் இலை ஒரு பக்கம். பிறகு மிஷினில் அமுக்கிக் கட்டு போட்டுக் கன்டெய்னரில் ஏற்றுவார்கள்.

முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை. அந்தத் தூசி வயிற்றுக்குள் போனால் அவ்வளவுதான். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எப்படியும் ஒருநாள் மாட்டுவார்கள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் அத்தை சத்தம் போடுவாள். "ஏளா, கைய நல்லா தேச்சுக் கழுவுங்க! கப்பல்ல ஏற வேண்டிய சரக்கு கக்கூசுல இறங்கிரப் போவுது!"

கிட்டங்கியின் ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட லேப். அங்கே ஜெபசுதா அக்கா இருப்பாள். நாசரேத்துக்காரி, மருந்துப் படிப்பு படித்தவள். சில நாள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அவள்தான் சொன்னாள். "இந்த இலை நம்ம ஊர்ச் செடியே இல்லை, தெரியுமா? அரபு நாட்டுச் செடி. அங்க உள்ள வைத்தியர்மார்கிட்ட இருந்துதான் வெள்ளைக்காரனே இதைப் படிச்சான். அப்புறம் இங்க கொண்டாந்து விதைச்சாங்க. நம்ம கரிசல்ல அது நல்லா வந்துச்சு. லண்டன் மருந்துக்கடையில இதுக்கு என்ன பேரு தெரியுமா? திருநெல்வேலி சென்னா. பழைய மருந்துப் புத்தகம் எதை எடுத்தாலும் நம்ம ஊர்ப் பேரு இருக்கும்."

"அவன் வயித்தக் கலக்குறதுக்கு நம்மூர்ப் பேரா? நல்ல மரியாதைதான்," என்றாள் அத்தை. எல்லாரும் சிரித்தோம்.

எனக்கு அதை உடனே அப்பாவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அத்தையைச் சொல்லச் சொன்னேன். அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டாள். அப்பாவின் குரலைக் கேட்க எனக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

"ஏலே வெள்ளத்துரை, லண்டன்ல உன் இலைக்குத் திருநெல்வேலின்னு பேராம்லா."

"யாரு சொன்னா?"

"உன் மவதான். இங்கனதான் இருக்கா. பேசுதியா?"

காட்டில் நின்றிருப்பார் போல, காற்று மட்டும் இரைந்தது. பிறகு, "சாப்பிட்டாளான்னு கேளு" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "சாப்பிட்டாளாம்" என்றாள். அப்பா போனை வைத்துவிட்டார்.

இப்படியே இரண்டு பொங்கல் போய்விட்டது. இரண்டாவது பொங்கலுக்கும் நான் ஊருக்குப் போகவில்லை. வா என்று அப்பா சொல்லவில்லை. "ஏளா செல்வி" என்று ஒரு தடவை அவர் கூப்பிட்டால் போதும், நடந்தேகூடப் போயிருப்பேன்.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். அப்பாவின் மூட்டைகள் கம்பெனிக்கு வந்தன. வழக்கமாக அவர் இலையைக் கமிஷன் கடைக்காரர் வாங்கி வேறு எங்கோ அனுப்புவார். இந்தத் தடவை எங்களிடமே வந்துவிட்டது. சாக்கில் நீலச் சாயத்தில் அப்பாவின் பேரைப் பார்த்ததும் நான் கிட்டப் போய் முகர்ந்தேன். எங்கள் வீட்டு வாடை அடித்தது. மச்சில் நிழலிலேயே காயவைக்கிற இலை, புல் மாதிரி பச்சையாக இருக்கும். அத்தை பார்த்துவிட்டு, "சாக்கைப் போயி மோந்து பாக்கா பாரு, கன்னுக்குட்டி மாதிரி" என்றாள். ஆனால் அவளும் குனிந்து ஒரு தடவை முகர்ந்தாள்.

அன்றைக்கே லேபில் பிரச்சினை ஆகிவிட்டது. சூப்பர்வைசர் ராஜபாண்டி மூட்டைகளின் வாயைப் பிரித்து ஒவ்வொரு கைப்பிடி எடுத்து ஜெபசுதா அக்காவிடம் கொடுத்திருக்கிறார். அக்கா இலைத்தூளை வெள்ளை ஓட்டில் வைத்து ஆசிட் சொட்டு விட்டிருக்கிறாள். சிவந்துவிட்டது. நிலாவாரை சிவக்காது. ஆவாரை கலந்திருந்தால்தான் ரத்தச் சிவப்பாக வரும். ஆவாரை இலையும் பார்க்கக் கிட்டத்தட்ட இதே மாதிரி. எடை கூட்டுவதற்காகக் கலக்கிறவர்கள் உண்டு. அந்த இலையில் மருந்து கிடையாது.

கலப்படம் என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பேரை அடுத்த வருஷம் எந்தக் கம்பெனியும் வாங்காது. மூட்டையை எடுத்துப் போகும்படி கமிஷன் கடைக்காரர் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்திருந்தார். எங்கள் வரிசையைத் தாண்டித்தான் லேபுக்குப் போக வேண்டும். நான் துணி கட்டிய முகத்தோடு நிமிர்ந்தேன். அத்தையைப் பார்த்துத் தலையசைத்தார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. போய்விட்டார்.

லேப் கதவு திறந்தே கிடந்தது. எல்லாம் கேட்டது.

"அம்மா, என் காட்டுல ஆவாரஞ்செடி ஒண்ணு கிடையாது. வரப்புல மொளச்சாக்கூடப் பிடுங்கிருவேன்."

"இதைப் பாருங்க அண்ணாச்சி." ஜெபசுதா அக்கா அந்த வெள்ளை ஓட்டைக் காட்டியிருப்பாள். "நான் சொல்லலை. இது சொல்லுது."

"சும்மா சொல்லும்யா, எவ்வளவு கலந்தீரு?" என்று ராஜபாண்டி சிரித்தார். "எங்ககிட்ட என்ன வெக்கம்?"

கண்ணாடி வழியாக அப்பாவின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

வாய் பிரித்த மூட்டை ஒன்று என் பக்கத்திலேயே நின்றது. கை தன் பாட்டுக்கு அதற்குள் போனது. மேலாக ஒரு பிடி அள்ளிச் சல்லடையில் போட்டேன். பச்சைத்தூள் விழுந்தது, காம்பு நின்றது. காம்போடு, பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ சல்லடையில் நின்றது.

கண்ணுப்பிள்ளைப் பூ, பூளை என்பார்களே அது.

இன்னும் கொஞ்சம் தோண்டினேன். பனைநாரில் கட்டிய ஒரு சின்னக் கொத்து வந்தது. நொறுங்கிப்போன வேப்பிலை, இலையோடு ஆவாரம்பூக் காம்பு, கண்ணுப்பிள்ளை. பொங்கலுக்குக் கட்டுகிற காப்பு. எங்கள் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு வாசலுக்கு, தொழுவத்துக்கு, காட்டுக்கு எல்லாம் கட்டுவோம். விளைச்சல் மூட்டைக்கும் அம்மா கட்டுவாள். அம்மாவுக்குப் பிறகு நான் கட்டினேன். "மூட்டைக்கு எதுக்குளா காப்பு, அது என்ன பச்சப்பிள்ளையா?" என்று அப்பா வருஷா வருஷம் கேலி பண்ணுவார். சாக்கின் காதில், வெளியேதான் கட்ட வேண்டும். வண்டி ஏற்றும்போது அவிழ்த்துவிட வேண்டும்.

நான் இல்லாத பொங்கலில் அப்பா கட்டியிருக்கிறார்.

நான் எழுந்தேன். அத்தை, "ஏளா, எங்க போற?" என்றாள். லேப் வாசலில் போய் நின்றேன். ராஜபாண்டி திரும்பினார், ஜெபசுதா அக்கா திரும்பினாள். அப்பா திரும்பவில்லை. கெமிஸ்ட்ரி வகுப்பில் வந்த அதே ஊசி தொண்டையில் வந்தது. முகத்துணியை இறக்கினேன். கையிலிருந்த கொத்தை நீட்டினேன்.

"என்ன செல்வி?" என்றாள் அக்கா.

"காப்பு."

"என்னது?"

"பொங்கக் காப்பு. மூட்டைக்குக் கட்டுவோம். வெளிய கட்டணும்." மூச்சு வாங்கியது. "அப்பா உள்ள வச்சிட்டாவ."

அப்போதுதான் அப்பா திரும்பினார். என் கையைப் பார்த்தார்.

அக்கா கொத்தை வாங்கி விரித்துப் பார்த்தாள். "இதுல ஆவாரை இருக்கு," என்றாள் மெதுவாக. "எல்லா மூட்டையிலயும் வச்சீங்களா அண்ணாச்சி?"

"ஆமா."

"ஏன் உள்ள வச்சீங்க?"

அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். "வெளிய கட்டினா ஆடு வந்து கடிச்சுருது. பிள்ளை இருந்தா வெரட்டும்."

ராஜபாண்டி மீசையைத் தடவிக்கொண்டார்.

"மூட்டை வாய்லயே எடுத்துக் குடுத்தீங்களா?" என்று அக்கா அவரிடம் கேட்டாள். "நானும் கேக்காம விட்டுட்டேன். நடுவுலருந்தும் அடியிலருந்தும் எடுத்துட்டு வாங்க." அப்புறம் அப்பாவிடம், "நான் இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணாச்சி. அதுவும் சிவந்துச்சுன்னா திருப்பித்தான் அனுப்பணும்" என்றாள்.

அப்பா தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

ஒவ்வொரு மூட்டைக்கும் அக்கா சொட்டு விட்டாள். நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஓட்டில் தூள் நனைந்து கருத்த பச்சையாகவே கிடந்தது. அடுத்தது. அதுவும் பச்சைதான். கடைசி மூட்டை வரை சிவப்பு வரவில்லை. அக்கா நிமிர்ந்து, "வாய்ப்பக்கத்து இலையை எல்லாம் எடுத்துக் கொட்டிட்டு, மிச்சத்தை மறுபடி பொறுக்கிக் குடுங்க. பாஸ் போட்டுருதேன்" என்றாள்.

நானும் அத்தையும்தான் பொறுக்கினோம். வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கொத்து இருந்தது. அப்பாவின் முடிச்சு எனக்குத் தெரியும், ஆடு கட்டுகிற முடிச்சு. ஒரு கொத்து மட்டும் அதிகம் நொறுங்காமல் வந்தது. அதைக் குப்பைக்கூடையில் போட மனசு வரவில்லை. ஆவாரையை இலைப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. வெளியே தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஆணியில் எங்கள் சாப்பாட்டுப் பைகள் தொங்கும். அங்கே கொண்டுபோய்த் திண்டின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அப்பா வெயிலில் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார். அத்தை தன் தூக்கிலிருந்து பாதிச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாப்பிட்டார். ஹார்பர் பக்கம் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கப்பலைப் பார்த்ததே இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கிட்டங்கி மதில் உயரம். அங்கிருந்தும் தெரியாது.

வெயில் தாழ்ந்தபோது மூட்டைகள் பாஸ் ஆகி மிஷினுக்குப் போயின. நாங்கள் கை கழுவக் குழாயடிக்கு வந்தோம். அப்பா எழுந்து வந்தார்.

"ஏலே," என்றாள் அத்தை. "பிள்ளை இன்னைக்கு வாயத் தொறந்துருக்கா. நீயும் ஒரு வார்த்தை பேசிட்டுப் போ. வார்த்தைக்கு வாடகையா கேக்கோம்?"

அப்பா எனக்கு முன்னால் நின்றார். காதோரம் நரைத்திருந்தது, போனில் அது தெரியவில்லை. நான் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றேன். ஏளா என்றால் போதும். என்னிடமும் ஒரு கேள்வி தயாராக இருந்தது. ஆட்டுக்குட்டி என்ன ஆச்சு என்று கேட்கலாம். முதலில் அவர் பேசட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் வாய் லேசாகத் திறந்தது. தொண்டை ஏறி இறங்கியது. எனக்கு அது தெரியும். அந்த ஊசியை எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் கண் திண்டுக்குப் போனது. அந்தக் கொத்தை எடுத்தார். ஆணியில் தொங்கிய பைகளில் என்னுடையது எது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பழைய பள்ளிக்கூடப் பைதான் அது, கண்டுபிடித்துவிட்டார். பனைநாரின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, பையின் காதில், வெளியே, முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார்.

பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். ரோட்டில் பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தி ஏறினார்.