மூடி போட்ட ஜாடி

லான்ஜோ நகரில் என்னைவிட வாய் திறக்காத மனிதன் பிறந்ததில்லை. என் மௌனத்தைக் கேட்க மஞ்சள் ஆறே ஒருமுறை நின்றிருக்கிறது.

மைத்துனி ஷியூச்சின் மட்டும் இதை நம்பமாட்டாள். இன்று அவள் அக்காவின் கல்லறையைத் துடைக்கும்போதும் கேலிதான்.

“நீங்களா அத்தான்? நூடுல்ஸ் வேகுற நேரமாவது சும்மா இருந்திருக்கீங்களா?”

இருந்தேன், ஏழு மாதம். என் மனைவி யுன்ஹேவுக்குக் கணையத்தில் புற்று என்பதை, எங்கள் வழக்கப்படி, டாக்டர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். நோயாளிக்குத் தெரியக்கூடாது. அவளிடம் வயிற்றுப்புண் என்றேன். மருந்துப் புட்டிகளின் சீட்டுகளைச் சுரண்டி எடுத்தேன். ரகசியம் காப்பவனை மூடி போட்ட ஜாடி என்போமே, நான் மூடிக்கு மேல் மெழுகும் ஊற்றியவன். ஊர்க்கதையெல்லாம் பேசிச் சிரிக்க வைத்தேன். புண் எப்போது ஆறும் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. குளிர்காலச் சில்வண்டு போல் அடங்கியிருந்தாள். எல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

ஷியூச்சின் துணியைக் கீழே வைத்தாள்.

“அக்காவுக்கு முதல் வாரமே தெரியும் அத்தான். வார்டு வாசல்ல ‘புற்றுநோய்ப் பிரிவு’ன்னு இருந்த பலகையைப் படிச்சிட்டா. நீங்களா பேச்சை எடுத்தா உங்களைக் கட்டிப்பிடிச்சு அழணும்னு காத்திருந்தா. நாளைக்கே உளறிடுவார் அக்கான்னு நான்தான் தினமும் சொன்னேன்.”

“நான் உளறவே இல்லையே.”

“இல்லை அத்தான்,” என்றாள். “ஏழு மாசமும் நீங்க வாயைத் திறக்கவே இல்லை. நிஜம்தான்.”