அட்டையில் இரண்டாம் எண்

மூக்குக்கண்ணாடிக் கடையில், எதிரே முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று மிதந்துகொண்டிருக்கிறது, அதிலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் வருகிறது, அட்டையில் நீங்கள் எத்தனையாம் எண் என்று ஆங்கிலத்தில் கேட்கிறது, நளாயினிக்குக் கேள்வி விளங்கவில்லை, கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குக் காதும் பாதி மந்தமாகிவிடுகிறது. காலையில், அவள் வேலைசெய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் தேநீர் வேளைக்குக் கழற்றிக் கதிரையில் வைத்த கண்ணாடிமேல் தானே போய் உட்கார்ந்துவிட்டாள், நொறுங்கிய சத்தம் கேட்டபோது பிஸ்கட் என்றுதான் நினைத்தாள். மெல்பேர்னுக்கு வந்து இத்தனை வருடத்தில் இந்த மருத்துவக் காப்புறுதி அட்டையை அவள் வெளியே எடுத்ததேயில்லை, கண்ணாடி என்றால் கொழும்புக்குப் போகும்போது செய்துகொண்டு வருவது, அதுதான் பழக்கம். அட்டையில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு எண், முதலாம் எண்ணைப் போட்டுப் பார்க்கிறேன் என்கிறது குரல், இயந்திரம் கீச்சிடுகிறது, முடியாதாம், முதலாம் எண்காரர் இந்த வருடத்துக் கண்ணாடியை மார்ச் மாதமே எடுத்துவிட்டாராம். முதலாம் எண் யார் என்று நளாயினி கேட்டாள், கருணைநாதன் என்று எழுத்துக் கூட்டி வாசித்த குரல் சட்டென்று தணிந்தது, மன்னியுங்கள், இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

கருணைநாதன் அவளுடைய புருஷன், வெளியே கார் தரிப்பிடத்தில் அவளுக்காகக் காத்திருக்கிறார், அறுபத்திரண்டு வயதிலும் எனக்குப் பருந்துக்கண் என்று சொல்லித் திரிகிற மனிதர், அவர் மூக்கில் ஒருநாளும் கண்ணாடியை அவள் கண்டதில்லை. இரண்டாம் எண்ணை இயந்திரம் ஏற்றுக்கொண்டது, எட்டு நாளில் கண்ணாடி வரும் என்றார்கள், தட்டித் தடவி வந்து காரில் ஏறினாள், என்னவாம் என்று அவர் கேட்டார், எட்டு நாள் செல்லுமாம் என்றாள், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை, மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என்று விரல் மடித்துக்கொண்டு வந்தாள், நாலு மாதமாக ஒரு கண்ணாடி இந்த வீட்டில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, எங்கே, என்ன நிறம், அதைப் போட்டுக்கொண்டு இந்த மனிதர் எதைத்தான் பார்க்கிறார். அடுத்த நாட்களில் மங்கல் கண்ணோடு அவரையே கவனித்தாள், நகத்தைத் தடவித் தடவி வெட்டுகிறார், கைபேசியில் எழுத்துகள் கத்தரிக்காய் அளவுக்குத் தெரிகின்றன, காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போகிறார், அரை மணித்தியாலம் கழித்துத்தான் திரும்புகிறார், திரும்பவும் சிகரெட் தொடங்கிவிட்டாரோ என்று அவருடைய சேர்ட்டை எத்தனை நாள் மோந்து பார்த்திருக்கிறாள், வாசமே இல்லை, இப்போது விளங்குகிறது.

ஆறாம் நாள் காப்புறுதிக்காரரிடமிருந்து கடிதம் வந்தது, அவளுடைய பெயருக்கு, என்ன எழுதியிருக்கினம் வாசியுங்கோ என்று நீட்டினாள். அவர் கடிதத்தை வாங்கிக் கையை எட்டுமட்டும் நீட்டிப் பிடித்தார், இன்னும் நீட்டினார், ஒண்டுமில்லை, நன்றி சொல்லியிருக்கினம் என்றார். பக்கம் முழுக்கச் சாம்பல் வரிகள் ஓடுவது அவளுக்கே தெரிகிறது, இவ்வளவு வரியிலும் ஒரு நன்றிதானா. அந்த ஒண்டுமில்லையை அவள் முன்னமும் கேட்டிருக்கிறாள், தொண்ணூற்றைந்தில், யுத்தத்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து மழையில் நாவற்குழிப் பாலத்தில் நெரிந்துகொண்டு போகையில், யாரோ இடித்து அவளுடைய கண்ணாடி விழுந்து மிதிபட்டுப் போனது, கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார், இதில பள்ளம், இதில ஆரோ விட்டிட்டுப்போன சூட்கேஸ், இஞ்சால வாரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார், ஓரிடத்தில் பேச்சு நின்றது, கை இறுகியது, என்ன என்று கேட்டாள், ஒண்டுமில்லை, ஆரோ களைச்சுப் படுத்திருக்கினம் என்றார். அன்றைக்கு அவள் மேலே கேட்கவில்லை, பயமாக இருந்தது, கேட்காமலே முப்பது வருடம் போய்விட்டது.

அவர் கடிதத்தை மடிக்கிறார், பழைய பேப்பர்க் கூடைப் பக்கம் போகிறார், அப்போதுதான் சொன்னாள், இஞ்சருங்கோ, மார்ச் மாசம் செய்த கண்ணாடியப் போட்டுக்கொண்டு ஒருக்கா வாசியுங்கோவன். கூடையடியிலேயே அவர் திரும்பினார். ஆர் சொன்னது, என்றார். கடைப்பெட்டை வாய்தவறிச் சொல்லிப்போட்டாள், எங்க வைச்சிருக்கிறியள். அவர் கராஜுக்குப் போனார், ஆணிப்பெட்டியின் மூடி திறபடும் சத்தம் கேட்டது, திரும்பி வந்து கதவடியில் நின்றார், உயரமான ஒரு மங்கலாக. கிட்ட வாங்கோ, எனக்குத் தெரியேல்லை. வந்தார். இன்னும் கிட்ட. ஒரு சாண் தூரத்தில்தான் தெளிந்தது, மண்ணிறச் சட்டம், பின்னால் பெருத்த கண்கள், அகப்பட்டுக்கொண்ட பள்ளிக்கூடப் பையனைப்போல ஒரு பார்வை, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் ஒளிச்சனீங்கள்? என்ர கண்ணும் மங்கிப்போச்செண்டா இந்த வீட்டில ஆர் பாக்கிறது எண்டு நீர் யோசிப்பீர், அதுதான், என்றார். இப்ப யோசிக்கேல்லையே, வடிவாத்தான் இருக்குது, வாசியுங்கோ.

அவர் வாசித்தார், முதலில் மெதுவாக, பிறகு குரல் உயர்ந்தது. நன்றி அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை, ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே அட்டையின் இரண்டு எண்களையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், கண்ணாடி யாருக்கு என்று இரண்டாம் எண்காரர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், இந்த வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் கோரிக்கையை இரத்துச் செய்துவிடுவார்கள். ஐயோ, இண்டைக்கு வியாழன், கூடைக்குள்ள போடப் பாத்தனே, என்றார். பேனையக் கொண்டுவாங்கோ, இப்பவே கொண்டுபோய்க் குடுப்பம், என்றாள். மேசையில் கடிதத்தை விரித்து அவளுடைய விரலைப் பிடித்துப் புள்ளிக்கோட்டின் தொடக்கத்தில் வைத்தார், இஞ்ச இருந்து தொடங்கும் என்றார். அவள் எழுதத் தொடங்கினாள், வெள்ளைக்குமேல் ஒரு கறுப்பு இழை ஊர்வது மட்டும்தான் தெரிகிறது, நேராப் போகுதோ என்று கேட்டாள், அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார், இல்லையப்பா, கோணலாப் போகுது, கொஞ்சம் கீழ இறக்கும், என்றார், அவள் இறக்கினாள்.