முன்மூலைத் துளை

...போல்டா, ஸ்டட்டா, இன்னும் முடிவாகலையா நல்லமுத்து என்று டீமேக்கர் ஐயா மறுபடியும் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போகிறார், அவருக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விடலாம், இஞ்சின் ஓடாவிட்டால் தேயிலை அரைக்கிற ரோதை சுற்றாது, மலையிலிருந்து இறங்குகிற கொழுந்தெல்லாம் வீணாகும், இந்த முறையும் இஞ்சின் மூடியான ஹெட்டுக்கு அடியில் ஒழுகினால் கொழும்பிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவேன் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார், அப்புறம் நான் இஞ்சின் டிரைவர் இல்லை, மலையில் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற ஆள்... போல்ட் என்றால் சுலபம், ஹெட்டைத் தூக்கி வைத்து, மேலிருந்து விட்டு, ஸ்பேனரால் முறுக்கினால் முடிந்தது. ஸ்டட்டுக்குத் தலை கிடையாது, அதை முதலில் அடியிலிருக்கும் பிளாக்கின் துளையில் விரலால் நட்டு, எல்லாம் ஒரே உயரமாக நிற்கிறதா என்று பார்த்து, அதன்மேல் ஹெட்டை இறக்கி, பிறகு நட்டைப் போட்டு இறுக்க வேண்டும், மெனக்கெட்ட வேலை, ஆனாலும் மனசு அந்தப் பக்கமே சாய்கிறதே, ஏன்? பிளாக்கில் மரை தேய்ந்திருக்கிறது என்று ஐயாவிடம் சொன்னது பொய்யில்லை, முழு நிஜமும் இல்லை. போன முறை போல்டை முறுக்கியது இந்தக் கைதான், இறுகிவிட்டது என்று சொன்னதும் இந்தக் கைதான், கொஞ்ச நாளிலேயே முன்மூலையில் கேஸ்கட் போய் ஒழுக ஆரம்பித்துவிட்டது. கையில் பலம் போய்விட்டதா? அப்படி என்ன வயசாகிவிட்டது எனக்கு? பூரணியிடம்கூட இதைச் சொல்லவில்லை. கட்டினவளிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது.

சரி, ஸ்டட்தான், என்ன ஆனாலும் ஆகட்டும்... ஒவ்வொன்றாக விரலால் திருகத் திருகச் சொன்னபேச்சுக் கேட்டு அடிவரை இறங்குகின்றன, முன்மூலைக்காரன் மட்டும் பாதியில் நின்றுகொண்டான், மற்றவர்களைவிட ஒரு விரற்கடை உயரம், என்ன திமிர் உனக்கு, கழற்றிப் பார்த்தால் நுனியில் ஈரம். எண்ணெயா? விரலில் தேய்த்தால் மஞ்சள், மோந்தாலும் மஞ்சள்... அட, காலையில் பூரணி! திறந்த இஞ்சினை மூடுகிற நாளில் ரோதை முனிக்குப் பூஜை போடாமல் இந்தத் தேயிலை ஸ்டோரில் யாரும் ஸ்பேனரைத் தொடுவதில்லை, மெஷினுக்கெல்லாம் அவர்தான் காவல், எப்போதும் செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவருகிறவள் அவள், முன்மூலையில் கற்பூரம் ஏற்றி அங்கேயே தாராளமாகத் தெளிக்கிறவளும் அவள், நான் மேலே துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறவன். அடி மூடிய துளை, போன தண்ணீருக்கு வெளியே வர வழி ஏது? போல்ட் போட்டிருந்தால் அந்தத் தண்ணீர்மேல் முட்டிக்கொண்டு இறுகிவிட்ட மாதிரி நடித்திருக்கும், ஹெட்டை அழுத்தியே இருக்காது, இன்னும் இழுத்திருந்தால் பிளாக்கே வெடித்திருக்கும்... இரு, இரு, போன முறையும் முன்மூலைதானே? போன முறையும் அவள் செம்புதானே? அப்படியானால் கை இல்லை. கை இல்லையடா நல்லமுத்து! அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எத்தனை ராத்திரி இந்தக் கையை மடக்கி மடக்கிப் பார்த்திருப்பேன்...

என்னப்பா, தனியா சிரிக்கிற, என்றார் ஐயா. ஒண்ணுமில்லீங்கய்யா, ஸ்டட்தான் போடுறேன் என்றேன். துணியைத் திரித்துத் துளைக்குள் விட்டு, ஈரமெல்லாம் ஒற்றி எடுத்து, மறுபடி நட்டால் முன்மூலைக்காரனும் மற்றவர்களோடு சரிசமமாக நின்றான், ஹெட் இறங்கியது, நட்டை இறுக்கும்போது கை சொன்னதை அப்படியே நம்பினேன், எவ்வளவு நாளாயிற்று நம்பி! சாயந்திரம் இரண்டு தடவை இருமிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டது, பெல்ட் ஓடுகிறது, ரோதை சுற்றுகிறது, முன்மூலையைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், காய்ந்தே இருக்கிறது. கொழுந்து நிறுக்க வந்த பூரணி கூடையோடு வாசலில் நிற்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தீங்களா, முனி கைவிடமாட்டாருன்னு காலையிலயே சொன்னேன்ல?”

“ஆமா புள்ள.”

சொல்லிவிடலாமா... சொன்னால், இத்தனை நாள் நான் சுமந்த பழியை இனி அவள் சுமப்பாள், சொல்லாவிட்டால், இந்த இஞ்சினை இன்னொரு முறை திறக்காமலா இருக்கப்போகிறோம், அந்தத் துளையில் மறுபடி தண்ணீர் நிற்காதா...

“அடுத்த தடவ இன்னொரு செம்பு சேத்துக் கொண்டாறேங்க.”

“கொண்டா, கொண்டா” என்கிறது ஒரு குரல், இஞ்சின் சத்தத்தில் யாருடையது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை, என்னுடையதுதான்.