கறுப்புக் கண்ணாடி அப்பாக்கள்

மாஸ்டர் இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஓட்டப் பழகுகிறவர் எங்கே பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், பக்கத்து இருக்கையில் இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் வரும் லாரி, குறுக்கே பாயும் சைக்கிள், பழகுகிறவரின் இடது கால், ஒன்றும் தப்பாது. அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், வீட்டில் சோபாவில் இருக்கும்போதுகூட யாராவது தப்பாக ஏதாவது சொன்னால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இப்படிப்பட்ட மனிதரைத்தான் கல்லூரியில் இடம் வாங்க வழி சொல்லும் ஆலோசகர் ஒருவர் ஒரே மத்தியானத்தில் பார்வை இல்லாதவராக ஆக்கிவிட்டார்.

எல்லாம் மகளுக்காக. அவளுக்குப் பாலம் கட்டப் படிக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பதில் பேர் போன கல்லூரி ஒன்றுதான். இடம் நாற்பது, விண்ணப்பம் பல ஆயிரம். நுழைவுத் தேர்வில் எண்ணூறுக்கு அவள் வாங்கியது நானூற்று முப்பத்தொன்று. இரண்டாம் முறை எழுதினாள், நானூற்று இருபத்தேழு. மூன்றாம் முறை விழுந்து விழுந்து படித்து முதல் முறையை எட்டிப் பிடித்தாள். மக்குப் பெண் இல்லை. ஒரு கணக்கைக் கொடுத்தால் அதைத் திருப்பிப் போட்டு, புரட்டிப் பார்த்து, அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்ததற்குப் போவாள். அதற்குள் மணி அடித்துவிடும்.

"மார்க் கம்மியா இருந்தா கவலையே வேண்டாம் சார்," என்றார் ஆலோசகர். டயர் கடைக்கு மேல் மாடியில் அவர் அலுவலகம். "கஷ்டம் அதிகமா இருந்தாப் போதும். வீட்ல யாராவது தவறியிருக்காங்களா?"

"இல்லீங்க."

"சொந்தத்துல?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க," என்றார் மாஸ்டரின் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், எதையும் சரியாகச் சொல்லிப் பழகியவர்.

"வீடு எரிஞ்சிருக்கா? வெள்ளத்துல போயிருக்கா?"

"ஒரு தடவ பாத்ரூம்ல குழாய் உடைஞ்சுது."

ஆலோசகரின் முகம் தொங்கிப்போயிற்று. மனைவி குற்றவாளி மாதிரி கணவரைப் பார்த்தார். "ஒரு கஷ்டம்கூடக் கொடுக்காம வளர்த்துட்டோமேங்க," என்றார். அப்போது அதை அவர் நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னார்.

மகள் தானே எழுதி வைத்திருந்த கட்டுரையை நீட்டினாள். பேருந்து போகும்போது மேம்பாலம் காலடியில் மெல்ல அதிர்வதைப் பற்றியது. அப்படி அசையாத பாலம்தான் உடையும் என்று கண்டுபிடித்து எழுதியிருந்தாள். ஆலோசகர் முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல யாருக்கும் அடிபடலையேம்மா."

பிறகு அவர் பார்வை மாஸ்டரின் சட்டைப் பையில் இருந்த கண்ணாடியில் விழுந்தது. "படிக்கறதுக்கா சார்? பவர் எவ்வளவு?"

"ஒண்ணரை."

"அது போதும்," என்றார் ஆலோசகர்.

மூன்றாம் நாள் புதுக் கட்டுரை தயார். கதையைக் கொடுத்தது ஆலோசகர், எழுதியது மகள். அவள் வெளியே போயிருந்தபோது மாஸ்டர் அதை ரகசியமாகப் படித்தார். அதில் வரும் அப்பாவுக்கு ஆறு வருஷமாகப் பார்வை இல்லை. தினமும் சாயங்காலம் மகள் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறாள். பூங்காவுக்குக் கை பிடித்துக் கூட்டிப்போகிறாள். அவள் காலடிச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அவள் மனசு எப்படி என்று அவர் கண்டுபிடித்துவிடுகிறார். மாஸ்டர் மூன்று தரம் படித்தார். நிஜத்தில் அவள் சாயங்காலம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்கு "ம்" என்று ஒரு பதில் வரும், அவ்வளவுதான். இவரும் சனி ஞாயிறு என்று பாராமல் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குக் கியர் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டுரையில் இருந்த அந்த ஆளைப் பார்த்து அவருக்குப் பொறாமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. பெற்றோரில் ஒருவரோடு வர வேண்டுமாம். ஆலோசகர் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் தடியும் கொடுத்து அனுப்பினார். மனைவி அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு அவரை வீட்டுக்குள் நடக்கவைத்துப் பழக்கினார். மேஜையில் இடித்துக்கொண்டால் கைதட்டினார்.

கல்லூரிக்கு மூன்று மணி நேரப் பயணம். வீட்டில் இருப்பது ஒரே கார். கூரையில் பயிற்சிப் பள்ளிப் பலகை, பின்னால் மாஸ்டரின் சிரித்த முகமும் 'என்னை நம்பி ஓட்டுங்கள்' என்ற வாசகமும். மனைவிக்கு ஓட்டத் தெரியாது. மகளுக்குச் சொல்லிக்கொடுக்க மாஸ்டருக்கு நேரம் கிடைத்ததே இல்லை. ஆக, பார்வை போய் ஆறு வருஷம் ஆன மனிதர் தாமே ஓட்டிக்கொண்டு போனார். கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்தி, பின்பக்கத்தை ஒரு போர்வையால் மூடிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "விழுந்துடாதப்பா," என்று மகள் அவர் முழங்கையைப் பிடித்தாள். அவள் அவரைத் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று மாஸ்டர் யோசித்துக்கொண்டே நடந்தார்.

காத்திருக்கும் அறைக்குள் நுழைந்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவரோரம் வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி அப்பாக்கள். கறுப்புக் கண்ணாடி அம்மாக்கள் இருவர். இவரோடு சேர்த்து மொத்தம் பதினொரு பேர். ஒருவர் கண்ணாடியில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உடனே சுதாரித்துக்கொண்டு அதைத் தடவினார். பதினொரு வெள்ளைத் தடிகளும் ஒரே கடையில் வாங்கியவை. ஆலோசகருக்குக் கற்பனை ஒன்றே ஒன்றுதான் போலிருக்கிறது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கண்ணாடி இல்லாத ஒருவர் தடியைத் தரையில் லேசாகத் தட்டிக்கொண்டு, ஒன்றிலும் இடிக்காமல் உள்ளே வந்தார். மாஸ்டர் நீட்டியிருந்த காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"வழி விட்டதுக்கு நன்றிங்க," என்று அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இங்க நிறையப் பேர் இருக்கீங்க போல. யாருமே பேச மாட்டேங்கறீங்களே?" மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவராம், பிறவியிலேயே பார்வை இல்லையாம். மகன் சான்றிதழ் காட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறானாம்.

"உங்களப் பத்தி எழுதியிருக்கானா?" மாஸ்டர் தணிந்த குரலில் கேட்டார்.

"என்னைப் பத்தியா? அதுல எழுத என்ன இருக்கு? எறும்பு எப்படி வரிசை கட்டுதுன்னு எழுதியிருக்கான்." அவர் சிரித்தார். பதினொரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மாஸ்டரின் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு பேராசிரியை, நாள் முழுக்க ஒரே கதையைக் கேட்ட களைப்போடு உட்கார்ந்திருந்தார். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"தினமும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுவேன்னு எழுதியிருக்கே. கொஞ்சம் படிம்மா, கேட்கலாம்."

மகள் படித்தாள். ஏதோ ஊரில் குடிநீர்க் குழாய் பதிப்பது பற்றிய செய்தி. முதலில் குரல் நடுங்கியது, பிறகு நின்று நிதானமாக வந்தது. அவள் வாய்விட்டுப் படித்து மாஸ்டர் கேட்டது இரண்டாம் வகுப்பில். கல்லூரி, இடம், கண்ணாடி எல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்தில் ஒரு பிள்ளை கவனமாக ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், கண் தானாக அவள் கையில் இருந்த தாளுக்குப் போயிற்று. அவள் ஒரு வரியைத் தாண்டினாள். வலது கால் தரையை அழுத்தியது.

"மேல ஒரு வரி விட்டுட்ட பாப்பா," என்றார்.

பேராசிரியை பேனாவை மூடினார்.

"காலையிலேருந்து இந்த அறையில ஏழு பேருக்குப் பார்வை வந்துடுச்சு. நீங்க எட்டாவது. இது காலேஜா கண் ஆஸ்பத்திரியான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு என்னோடதும்மா. குழந்தைய ஒண்ணும் செஞ்சுடாதீங்க."

மகள் அழவில்லை. பையிலிருந்து பழைய கட்டுரையை எடுத்து மேஜையில் வைத்தாள். "நான் எழுதினது இதுதான் மேடம். இதுல யாருக்கும் அடிபடலன்னு வேண்டாம்னுட்டாங்க. நானும் சரின்னுட்டேன்."

பேராசிரியை அதைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் மறுபடி மேலே போய்ப் படித்தார். பிறகு அதையும் விண்ணப்பத்தையும் சேர்த்து அவளிடமே கொடுத்தார்.

"இதை அனுப்பியிருந்தா உன்னோட ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். இப்ப முடியாது. பொய் எழுதின விண்ணப்பத்தைத் திருப்பித்தான் கொடுக்கணும். அடுத்த வருஷம் இத மட்டும் அனுப்பு."

போர்வையை உருவி மடித்துவைத்துவிட்டு மாஸ்டர் காரை எடுத்தார். ஊரில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பிரேக் போட மறந்தால் போட்டுக் காப்பாற்றிய கால், பெற்ற பிள்ளையின் இடத்தை மிதித்துவிட்டது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். சாலையில் வெயில் சாய்ந்திருந்தது.

"என்னாலதான் போச்சு பாப்பா," என்றார் கடைசியில்.

"நான் வரியை விட்டேன், நீ சொன்ன," என்றாள் மகள். "அடுத்த வருஷம் அதே நானூத்தி முப்பத்தொண்ணுதான் வரும். பரவாயில்லையாப்பா?"

"வரட்டும்."

"அந்த ஆலோசகர்கிட்ட மறுபடி போனா அடுத்த தடவ காதை எடுத்துடுவார்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். சிரிப்போடு கண்ணும் கலங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் சரசரவென்று தாள் மடங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். பேராசிரியையின் பேப்பரை அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"ரோட்டைப் பாருப்பா," என்று சொல்லிவிட்டு, விட்ட வரியிலிருந்து அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.