சுண்ணாம்பில் விழுந்த கோடு

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓர் அணைச்சுவர். மண்ணும் கண்டபடி அடுக்கிய கருங்கல்லும். அதன் மேலே போகும் பாதையில் தினமும் மூன்று தடவை கொழுந்து லொறி ஓடும்.

சுவரில் வெடிப்பைக் கண்டதும், தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் சர்மிளா இருபக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளக்கத் தொடங்கினாள். முதல் வாரம், லொறி போன பிறகும் வெடிப்பு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பிறகு சுவர் பழகிக்கொண்டது. லொறி வந்தால் அரை மில்லிமீற்றர் விரியும். போனால் பழைய அளவுக்கே திரும்பும். ஒழுங்கில்லாத கற்குவியல் அப்படித்தான். ஒரே பாரம் திரும்பத் திரும்ப அமுக்கினால், கற்கள் தமக்கொரு வழியைக் கண்டுபிடித்து அதிலேயே போய் அதிலேயே திரும்பும். எல்லை தாண்டினால்தான் ஆபத்து. ஒரு கல் இன்னொன்றைத் தாண்டிப் போனால் திரும்பாது.

"டீச்சரு செவுத்துக்கு நாடி பாக்குறாங்க," என்று லயத்தில் அவளுக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் அம்மாக்கண்ணு சிரிப்பாள்.

கோயில் திருவிழாவுக்கு லயம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தபோது, அம்மாக்கண்ணு ஆணிகளைப் பிடுங்கி, வெடிப்பில் மண்ணை அப்பி, அந்தச் சுவருக்கும் இரண்டு பூச்சுப் பூசிவிட்டாள்.

"என்னக்கா இது! ரெண்டு மாச அளவு போச்சே!"

"சாமி இந்த வழியா வருது. ஓட்டச் செவுத்தையா காட்டுறது?"

சர்மிளா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

திருவிழாவன்று காலை, இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. முதல் லொறி போனதும் வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்புக் கோடு. பழைய வெடிப்பில் அல்ல. மறுகோடியில், அம்மாக்கண்ணு சமைக்கும் குசினிக்கு நேரே. மூடுமா என்று சர்மிளா காத்திருந்தாள். மூடவில்லை. இரண்டாவது லொறிக்கு அது ஒரு சாண் நீண்டது. பாரம் அதேதான், தண்ணீர் ஊறியதில் சுவரின் எல்லை இறங்கிவிட்டது.

"அக்கா, எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே!"

"பொங்கல் பாதில நிக்குது டீச்சரு!"

"பானையோட வாங்க!"

அம்மாக்கண்ணு கோட்டைப் பார்த்தாள். பிறகு அவள்தான் லயத்தின் பன்னிரண்டு கதவையும் தட்டினாள். சர்மிளா பாதைக்கு ஓடி மூன்றாவது லொறியை மறித்தாள்.

லொறி வராமலேயே மத்தியானம் சுவர் சரிந்தது. மூன்று குசினிகள் மண்ணுக்குள். ஆட்கள் எல்லாரும் கோயில் முற்றத்தில்.

"என் ஆணி ஒரு எடத்தத்தான் பாத்துச்சுக்கா," என்றாள் சர்மிளா. "ஒங்க சுண்ணாம்பு முழுச் செவுத்தையும் பாத்துச்சு. ரொம்ப நன்றிக்கா."

"நான் சாமிக்கு அடிச்சேன். பாத்தது நீங்கதானே?" அம்மாக்கண்ணு முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ஆணிகளை நீட்டினாள். "வீசல. வச்சிருந்தேன்."

பொங்கல் அடிப்பிடித்திருந்தது. சர்மிளா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள்.