உட்கார்ந்து பார்த்தது

நாற்காலிக் கடையில் அவருக்கு ஒரே வேலை, உட்காருவது. புதிதாக வரும் ஒவ்வொரு நாற்காலியிலும் பொத்தென்று உட்கார்ந்து, இடமும் வலமும் ஆடிப் பார்த்து எழுவார். அது பிழைத்திருந்தால் அதன் முதுகில் ‘உட்கார்ந்து பார்த்தது’ என்று அச்சடித்த சீட்டை ஒட்டுவார். சீட்டில்லாத நாற்காலியை ஊரில் ஒருவரும் வாங்குவதில்லை. அவருக்குப் பெயரே சீட்டுக்காரர் என்றாகிவிட்டது.

உடம்பைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. மூச்சு இரைத்தால் மாடிப்படி சரியில்லை. முட்டி வலித்தால் செருப்பு சரியில்லை. சர்க்கரை ஏறியிருந்தால் ரத்தம் எடுத்தவர் சரியில்லை. இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர்மேல் ஆசை வந்தது.

“கத்தி வச்சா செத்துருவேன்டி” என்றார் மனைவியிடம்.

“வைக்காட்டி மட்டும் சிரஞ்சீவியா? தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. அடுத்தது வருமா வராதான்னு நான் பக்கத்துல முழிச்சுக் கிடக்கேன். உங்களுக்கென்ன, சுகமா தூங்குறீங்க!”

முதலாளியோ கண் கலங்கிவிட்டார். “நீ இளைச்சுட்டா என் கடை என்னய்யா ஆகும்? உன் மச்சானையாவது கொஞ்சம் நல்லா சாப்பிடச் சொல்லு.”

மச்சான் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான்.

மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் சீட்டுக்காரர் ஒரு நிபந்தனையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். “அந்த மேசையில நான் முதல்ல படுத்துப் பாக்கணும். சோதிக்காத எதுலயும் நான் உடம்பை வைக்கிறதில்ல.”

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வாங்க” என்றார்.

ஆபரேஷன் மேசையில் அவர் பொத்தென்று விழுந்தார். ஆடினார். புரண்டார். மேசை முனகவில்லை. கடை வழக்கப்படி கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தும் பார்க்க வேண்டும். கிடந்தார். அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

விழித்தபோது மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சட்டைப்பையைத் துழாவினார். சீட்டுக் கட்டு டாக்டரம்மாவின் கையில் இருந்தது.

“மேசைக்கு ஒட்டியாச்சு. உங்களுக்கும் ஒண்ணு ஒட்டலாம்னுதான் நின்னேன். மூச்சு நின்னுச்சு. வந்துச்சு. திரும்ப நின்னுச்சு. ஒட்ட மனசு வரல.”

அவர் கட்டுக்காகக் கையை நீட்டினார். டாக்டரம்மா கொடுக்கவில்லை.

“நாற்காலி கிரீச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“பின்கட்டுக்கு அனுப்புவேன், தச்சர்கிட்ட.”

“தச்சர் கை வச்சு உடைஞ்சுட்டா?”

“எப்பவாவது ஒண்ணு உடையும்தான். அதுக்காகக் கிரீச்சிடுறதை அப்படியே விக்க முடியுமா?” என்று சீட்டுக்காரர் மிடுக்கோடு சொன்னார். சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெல்ல மறுபடியும் மல்லாந்து படுத்தார்.

“எழுந்திரிங்க, ஆபரேஷன் இன்னிக்கு இல்ல” என்றாள் மனைவி.

“நாள் குறிக்கிற வரைக்கும் இங்கேயே கிடக்கேன். எழுந்தா பயந்துருவேன்.”

அவள் பெருமூச்சு விட்டு, மூலையில் கிடந்த முக்காலியை இழுத்தாள்.

“அதுல உக்காராதடி! சீட்டு இல்ல” என்றார், கண்ணை மூடியபடியே.

டாக்டரம்மா அந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, இடமும் வலமும் ஆடிப் பார்த்து, எழுந்து, ஒரு சீட்டைக் கிழித்து ஒட்டினார்.